இடது தட்டு, வலது தட்டு

பிரேக் வேலையில் பக்தவத்சலத்தைக் குறை சொல்ல இந்தச் செங்கல்பட்டில் ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று பேசிக்கொண்டு திரிந்தவன் நான். பக்தவத்சலம் நான்தான். திருக்கழுக்குன்றம் ரோட்டில் என் ஒர்க்‌ஷாப். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். வண்டி கொண்டுவருகிறவர் வாயைத் திறந்து, 'ஒருவேளை இதனால இருக்குமோ' என்று ஆரம்பித்தாலே பற்றிக்கொண்டு வரும். வண்டியை விட்டுவிட்டுப் போ, சாயந்தரம் வந்து எடுத்துக்கொள், நடுவில் யோசனை சொல்லாதே. இதுதான் என் சட்டம். இந்தக் குணத்துக்கு என் மனைவி கன்னியம்மா வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

தொண்ணூற்றெட்டு செப்டம்பரில் அந்த மோரிஸ் மைனர் என்னிடம் வேலைக்கு வந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி, பச்சை நிறம். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருக்கும் திருநாவுக்கரசு சாருடையது. அணு ஆராய்ச்சி நிலையத்தில் என்ஜினியராக இருந்தவர். பத்து வருஷமாக அவரே ஓட்டினார், அவரே துடைத்தார், வேறு யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. சர்க்கரை வியாதி அவர் கண்ணைக் கெடுத்துவிட்டது. எதிரே ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. வேலையையும் விட்டுவிட்டார். அதனால் அவர் மனைவி ஞானம்பாள் அம்மா நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். அதே நிலையத்தின் நூலகத்தில் அந்த அம்மாவுக்கு வேலை. வாரம் ஒருமுறை சாரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும். பஸ்ஸில் அவரை ஏற்றி இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எப்படியாவது லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும், அந்த அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

எனக்கு அந்த வண்டி மேல் வெகு நாளாக ஒரு கண். அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்தமாக ஒரு ஓட்டை ஸ்கூட்டர்தான்.

பிரேக் மிதித்தால் கிறீச்சென்று கத்துகிறது என்று கொண்டுவந்தார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் ஷூவின் மேல் லைனிங் பட்டையே தேய்ந்து காணோம், ரிவிட் தலைதான் டிரம்மில் உரசிக்கொண்டிருந்தது. ஷூக்களை மதுராந்தகம் ராமதாஸிடம் புது லைனிங் அடிக்க அனுப்பினேன். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் டிரம்முக்குப் பின்னால் வட்டமாக ஒரு இரும்புத் தட்டு உண்டு. ஷூக்களும், அவற்றைத் தள்ளுகிற சின்ன சிலிண்டர்களும் அந்தத் தட்டில்தான் உட்கார்ந்திருக்கும். கல்பாக்கத்து உப்புக்காற்றில் இரண்டு தட்டும் செதில் செதிலாகத் துரு ஏறிக் கிடந்தன. வெளியே எடுத்துச் சுரண்டி, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் ராமதாஸிடமிருந்து ஷூக்கள் வந்தன. தட்டில் மாட்டி, இடது பக்கத்துத் தட்டை இடது சுவரோரமும் வலது பக்கத்துத் தட்டை வலது சுவரோரமும் வைத்தேன். அடையாளம் எதுவும் போடவில்லை. சாக்பீஸில் அடையாளம் போடுகிறவன் கத்துக்குட்டி என்பது என் எண்ணம்.

மறுநாள் பூஜை. ஸ்பானர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மேசை மேல் அடுக்கினாள் கன்னியம்மா. "இந்த ரெண்டு தட்டும் புதுசு கணக்கா மினுக்குது, சாமி படத்துக்கு இந்தாண்ட ஒண்ணு அந்தாண்ட ஒண்ணு வச்சா அம்சமா இருக்கும்" என்றாள். "வையி, வையி" என்றேன். சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடித்தோம். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை யாரும் தொடமாட்டோம்.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டியதும் நான் கை வைத்த முதல் வேலை அந்த மோரிஸ்தான். தட்டுகளை எடுத்தேன், மாட்டினேன், டிரம்மைப் போட்டேன். பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் நிற்கும் காற்று வெளியே போக ஏர் எடுத்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் ஞானம்பாள் அம்மா திரும்பி வந்தார். பக்கத்து சீட்டில் சார். பின்சீட்டில் டிரைவிங் ஸ்கூல் ஆள்.

"முன்னாடி போறப்ப பிரேக் சரியா பிடிக்கல. ரிவர்ஸ் எடுக்கிறப்ப மட்டும் சட்டுனு பிடிக்குது" என்றார் அம்மா.

நான் சிரித்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

"ரிவர்ஸ்ல மெதுவா வர்றீங்க, அதான் பிடிக்குது. இது பழைய வண்டிம்மா, இப்ப வர்ற வண்டி மாதிரி தொட்டா நிக்காது. கால்ல வலு வேணும். ஏறி மிதிங்க."

"நான் அப்பவே சொன்னேன் ஞானம், நீ அமுக்கறதே இல்ல" என்றார் சார். டிரைவிங் ஸ்கூல்காரனும் தலையை ஆட்டினான். அவன் மாருதியைத் தவிர வேறு எதையும் தொட்டவன் இல்லை.

நான் டிரம்மைக் கழற்றிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால், கேட்டது ஒரு பொம்பளை, அதுவும் லைசென்ஸ் இல்லாத பொம்பளை. வேறு என்ன காரணம் சொல்ல?

நவம்பரில் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனார். கோட்டில் நிறுத்தச் சொன்னால் கோட்டைத் தாண்டி ஒரு கார் தூரம் போய் நின்றிருக்கிறது. ஃபெயில். டிசம்பரில் மறுபடி போனார். இந்தத் தடவை ஓரத்தில் வைத்திருந்த பீப்பாயை இடித்துவிட்டார். கூட உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர், "உயிரோட வூட்டுக்குப் போனா போதும்மா" என்று கும்பிட்டாராம். டிரைவிங் ஸ்கூல்காரன்தான் என்னிடம் வந்து இதைச் சொல்லிச் சிரித்தான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஜனவரி முதல் வாரத்தில் ஞானம்பாள் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். "எனக்கு ஓட்ட வரல. யாரையாவது இடிச்சுக் கொன்னுடுவேன்னு பயமா இருக்கு. வண்டியை வித்துடலாம்னு இருக்கோம். யாராவது வாங்குவாங்களா?" என்றார்.

"நானே எடுத்துக்கறேன்மா" என்றேன். ஒரு மூச்சு கூட விடவில்லை. அப்படி வந்தது என் வாயிலிருந்து.

ஒரு வாரத்தில் பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துவந்து, டவுனுக்குள் நாலைந்து நாள் ராஜா மாதிரி ஓட்டினேன். முப்பதைத் தாண்டவில்லை. காணும் பொங்கல் அன்று கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டோம், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அன்றைக்கு மகாபலிபுரத்தில் கால் வைக்க இடம் இருக்காது என்பதால் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. தூக்கில் புளிசாதம். திருக்கழுக்குன்றம் தாண்டி ரோடு காலியாகக் கிடந்ததைப் பார்த்து அறுபதில் விட்டேன். கன்னியம்மா பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

சதுரங்கப்பட்டினம் குப்பத்தின் முனையில் ஒரு அம்மா தலையில் மீன்கூடையோடு ரோட்டைக் கடந்தாள். தூரம் இருந்தது. நிதானமாகத்தான் பிரேக்கில் கால் வைத்தேன். வண்டி மெதுவானது, நிற்கவில்லை. ஏறி மிதித்தேன். சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தேன். நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து மணலில் விட்டேன், மணல்தான் வண்டியை நிறுத்தியது. அந்த அம்மா குதித்ததில் கூடை விழுந்து மீனெல்லாம் ரோட்டில்.

"அடப் பாவி! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? பிரேக்கு இல்லாத வண்டிய எவண்டா உன் கையில குட்த்தான்?" என்று ஆரம்பித்தாள். ஆதியம்மாள் என்று பெயராம், கூடின ஜனம் சொல்லித் தெரிந்தது. 'ஆதியம்மா, வுடு' என்று நாலு பேர் சொன்னபிறகும் அவள் விடவில்லை. என் பரம்பரையில் ஒருத்தரையும் மிச்சம் வைக்கவில்லை. நான் தலையைக் குனிந்து நின்றேன். கன்னியம்மாதான் இறங்கி மீனைப் பொறுக்கிக் கழுவி, காலைப் பிடிக்காத குறையாகச் சமாதானம் பண்ணி, விழுந்த மீனையெல்லாம் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாய்யா, உன் கால்லயும் வலு இல்லியா?"

"வாய மூடுடி" என்றேன். மணலிலிருந்து எடுக்க ரிவர்ஸ் போட்டேன். ரோட்டுக்கு ஏறியதும் பிரேக்கை லேசாகத் தொட்டேன். தொட்டதுதான், வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. கன்னியம்மாவின் முதுகு சீட்டில் போய் மோதியது.

ஒரு நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கடற்கரைக்குப் போகவில்லை. இருபதில் உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலை முன்சக்கரத்தைக் கழற்றினேன். கழற்றுவதற்கு முன்பே தெரியும், இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டுமே. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமாக ஷூ போய்ச் சாய வேண்டும். அப்போது சக்கரமே ஷூவை இழுத்துத் தன்மேல் இறுக்கிக்கொள்ளும். இடது தட்டை வலதில் மாட்டினால் இது தலைகீழ். முன்னால் போகும்போது சக்கரம் ஷூவைத் தள்ளிவிடும், பின்னால் வரும்போது கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஞானம்பாள் அம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் அதுதான். பத்து வருஷம் வேலை பார்த்தவன் எவனுக்கும் தெரிகிற விஷயம். எனக்கு இருபத்திரண்டு வருஷம். தட்டின் பின்பக்கம் காய்ந்த குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டுகளை மாற்றி மாட்டினேன்.

ஏர் எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். கன்னியம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன். இன்னா தப்புன்னு சொல்லு."

"இடது வலது மாறிப்போச்சு. பிடிச்சிக்கோ... விடு."

"பூஜையில நான் எடுத்து வச்சேனே, அதனாலயா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபம்! ஆனால் எடுத்து வைத்தவள் மெக்கானிக் இல்லை. மாட்டும்போது ஒருதடவை திருப்பிப் பார்க்காதவன் நான்.

"உன்னால இல்ல. நான் பாக்கல. அமுக்கு."

"அமுக்கிட்டேன். எப்ப போயி சொல்லப்போற?"

"யாருக்கு?"

"யாருக்கா? அந்தம்மாவுக்கு."

"வித்தாச்சு, வாங்கியாச்சு. இப்ப போயி சொன்னா நாளிக்கு எவன் என் கடையில வண்டி வுடுவான்? பிடி... விடு."

"உனுக்குக் கடை போயிடும்னு பயமா, இல்ல வண்டி போயிடும்னா?"

வண்டிதான். அது அவளுக்கும் தெரியும்.

"சரி வச்சிக்கோ. அந்தம்மா பஸ்ல தொங்கிகினு போவட்டும்" என்று சொல்லி, நான் 'விடு' என்று சொல்வதற்கு முன்பே காலை எடுத்துவிட்டாள். காற்று உள்ளே போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

நாலு நாள் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே வைத்திருந்தேன், வெளியே எடுக்க மனசு வரவில்லை. ஐந்தாம் நாள் காலை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்பாக்கம் பஸ் வந்து நின்றது. முதலில் ஞானம்பாள் அம்மா இறங்கி, கையை நீட்டி, "படி உயரம், பார்த்து" என்றார். பின்னாலிருந்து ஆட்கள் நெருக்கினார்கள். "சீக்கிரம் எறங்கு பெருசு" என்று கண்டக்டர் விசில் ஊதினார். சார் படி இல்லாத இடத்தில் காலை வைத்தார். முழங்காலில் போய் விழுந்தார். கறுப்புக் கண்ணாடி உருண்டு ஒரு டயரடியில் போனது. அந்த அம்மா குனிந்து அவரைத் தூக்கி, பேன்ட்டைத் தட்டிவிட்டு, கண்ணாடியைத் தேடினார். யாரையும் திட்டக்கூட இல்லை. "சாரி, என்னாலதான்" என்று சாரிடம் சொல்வது எனக்குக் கேட்டது.

நான் ஓடிப்போய்த் தூக்கியிருக்க வேண்டும். எச்சில் கையோடு கடையின் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் நின்றதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மோரிஸை எடுத்துக்கொண்டு கல்பாக்கம் போனேன். குவார்ட்டர்ஸ் வாசலில் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சாருக்குப் பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சார் என்ஜின் சத்தத்தைக் கேட்டு, "நம்ம வண்டி" என்று எழுந்துவிட்டார்.

வழியெல்லாம் என்னென்னவோ பேச்சு தயார் பண்ணி வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று. "அம்மா, தப்பு என் மேல. முன்பக்கத் தட்டு ரெண்டையும் இடம் மாத்தி மாட்டிட்டேன். நீங்க ரிவர்ஸ்ல பிடிக்குதுன்னு சொன்னீங்களே, அது சரி. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். நாலாக மடித்தார். எட்டாக மடித்தார்.

"கால்ல வலு இல்லன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"காலுக்கு வலு வரணும்னு தினம் விடிகாலைல எழுந்து மொட்டைமாடிக்குப் படி ஏறி இறங்கினேன். ஐம்பது தடவை. ரெண்டு மாசம். முட்டி வீங்கிப்போச்சு. கேக்கிறவங்ககிட்ட எல்லாம் எடை குறைக்கிறேன்னு பொய் சொன்னேன்." குரல் உடைந்துவிட்டது. "நான் உங்ககிட்ட தெளிவாத்தானே சொன்னேன்? தமிழ்லதானே சொன்னேன்? கழட்டிப் பார்க்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"அரை மணி நேரம்மா."

"அரை மணி நேரம்" என்றார். அழுதுகொண்டே சொன்னார். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சார் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். "ஞானம், என்கிட்டயும்தான் சொன்னே. நான் என்ஜினியர். ரெண்டு நிமிஷம் யோசிச்சிருந்தா எனக்கே புரிஞ்சிருக்கும். உன்னை அமுக்கு அமுக்குன்னேன்" என்றார்.

அந்த அம்மா என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறினார். வீட்டுக்கு எதிரே பெரிய காலி மைதானம். தனியாகவே எடுத்தார். முதல் சுற்றில் பயந்து பயந்து ஊர்ந்தது வண்டி. பிறகு வேகம் பிடித்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு நேராக வந்து ஒரு வேப்பங்கன்றுக்கு நாலடி முன்னால் பிரேக் பிடித்தார்.

"நின்னுதா?" என்று கேட்டார் சார்.

"நின்னுச்சு சார்."

இன்னொரு சுற்று. இன்னும் வேகம்.

"நின்னுதா?"

"நின்னுச்சு சார். சொன்ன இடத்துல நின்னுச்சு."

மூன்றாவது சுற்றில் அவர் கேட்கவில்லை. டயர் மண்ணில் தேய்கிற சத்தம் அவருக்கே கேட்டது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வண்டியை எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அம்மா இறங்கினார். முகமெல்லாம் புழுதியும் கண்ணீரும்.

"வண்டி இங்கேயே இருக்கட்டும். நீங்க கொடுத்த பணம் பீரோவில அப்படியே இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார். உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். பிறகு, "நீங்களா வந்து சொன்னதுக்கு நன்றி. ஆனா இனிமே இந்த வண்டி உங்க கடைக்கு வராது" என்றார்.

"நியாயம்தான்மா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மார்ச் மாதம் ஒருநாள் பதினோரு மணி இருக்கும். ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்த எனக்கு மோரிஸ் வருகிற சத்தம் கேட்டது. அவசரமாக ஊர்ந்து வெளியே வந்தேன். ஞானம்பாள் அம்மா ஓட்டிவந்தார், பக்கத்தில் சார் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். கண்ணாடியில் எல் போர்டு இல்லை. என் ஒர்க்‌ஷாப் பக்கம் அந்த அம்மா திரும்பவில்லை. சற்றுத் தள்ளி ஒரு ஆட்டோ திடீரென்று குறுக்கே திரும்பியது. மோரிஸ் அலட்டிக்கொள்ளாமல் நின்று, அது போகும்வரை காத்திருந்து, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிப் போனது.

கன்னியம்மா டீ எடுத்துக்கொண்டு வந்தாள். "இன்னாய்யா, ரோட்டையே பாத்துகினு நிக்கிற?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பிரேக் நல்லா பிடிக்குது" என்றேன்.